சிக்கனமும் கஞ்சத்தனமும்

1975-ம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி லண்டன் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்னும் படத்துக்கு 2025-ம் வருஷத்தில் ஐம்பது வயது நிறைந்தது. பேயும் பாட்டும் கேலியும் கூத்தும் ஒன்றாகக் கலந்த இந்த விசித்திரப் படம், உலகத்தில் எங்கேனும் ஒரு கொட்டகையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை நீண்ட காலம் கொட்டகையை விட்டு இறங்காமல் நின்ற படம் வேறொன்று இல்லை. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்திலுள்ள கிளின்டன் தெருக் கொட்டகையில் 1978 முதல் வாரந்தோறும் இது நடைபெற்று வருகிறது. 2020-ல் கொரோனாத் தொற்று பரவி, ஜனங்கள் வெளியே தலைகாட்ட முடியாதிருந்த மாதங்களில்கூட, அக்கொட்டகைக்காரர்கள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் படத்தை ஓட்டி வழக்கத்தைக் காப்பாற்றினார்கள்.

இப்படிப்பட்ட ஒரு படத்தின் பொன்விழாவைக் கொண்டாடுவதில் நமக்கு ஆக்ஷேபம் கிடையாது. ஆனால் விழாவை ஒட்டி வெளிவந்த பாராட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே பல்லவியைப் பாடுகின்றன. கையில் காசில்லாமல், கூரை ஒழுகும் பாழடைந்த வீட்டில், நடிக நடிகையர் குளிரில் விறைத்துக்கொண்டு நடித்தார்களாம். அந்தக் கஷ்டமே படத்துக்கு உயிர் கொடுத்ததாம். இதில் முதற்பகுதி உண்மை. இரண்டாவது பகுதியை நாம் ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. கேட்பதற்கு இனிமையாக இருக்கும் இந்தக் கதை, படமுதலாளிகளின் காதில் எப்படி விழும் என்பதை எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை. தொழிலாளிக்குக் கூலியையும், நடிகைக்கு உலர்ந்த துணியையும், எல்லோருக்கும் சூடான ஒரு வேளை உணவையும் மறுக்க விரும்பும் முதலாளிக்கு, 'கஷ்டப்பட்டால்தான் கலை பிறக்கும்' என்பதைவிட வசதியான சித்தாந்தம் வேறென்ன வேண்டும்? ஆகவே இப்படம் எடுக்கப்பட்ட வரலாற்றைச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

கதை அற்பமானது, அற்பமாகவே இருக்கட்டும் என்று வேண்டுமென்றே எழுதப்பட்டது. கல்யாணம் நிச்சயமான ஒரு வாலிபனும் ஒரு யுவதியும் மழை இரவில் மோட்டார்ச் சக்கரம் பழுதாகி, உதவி தேடி ஒரு கோட்டைக்குள் நுழைகிறார்கள். அங்கே பெண்ணுடை தரித்த விஞ்ஞானி ஒருவன், பிராங்கன்ஸ்டைன் கதையில் வருவதுபோல், சோதனைச் சாலையில் ஒரு மனிதனைப் படைத்துக்கொண்டிருக்கிறான். அவனும் அவனுடைய பரிவாரமும் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் என்பது பின்னால் தெரியவருகிறது. பழைய மலிவுவிலைப் பேய்ப் படங்களையும் ஆகாய விமானக் கதைகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் சிரிப்பு அதிகம். குழந்தை குட்டிகளுடன் சென்று பார்க்கத்தக்க படம் என்று நாம் சிபார்சு செய்யப்போவதில்லை. விரசமான இடங்கள் நிறைய உண்டு. ஆனால் ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று வகுத்த அச்சுக்குள் அடங்காமல் ஊராரின் ஏச்சுக்கு ஆளாகிய எத்தனையோ வாலிபர்களுக்கு, வாரத்தில் ஒரு ராத்திரியாவது தலை நிமிர்ந்து உட்கார இப்படம் ஓரிடம் தந்தது. அதை விரசம் என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட முடியாது.

இதை எழுதியவர் ரிச்சர்ட் ஓ'பிரையன். இங்கிலாந்தில் பிறந்து, நியூஸிலந்தில் வளர்ந்து, 1964-ல் மீண்டும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். நாடக வேலை பறிபோய் வீட்டிலிருந்த ஒரு குளிர்காலத்தில், பொழுது போவதற்காகப் பாட்டுக்களையும் வசனத்தையும் எழுதத் தொடங்கினார். ஆஸ்திரேலியரான ஜிம் ஷர்மன் என்ற டைரக்டர் அதைக் கேட்டு ஆதரித்தார். 1973-ம் வருஷம் ஜூன் மாதத்தில் லண்டன் ராயல் கோர்ட் நாடகசாலையின் மாடியில், சுமார் அறுபது பேர் உட்காரக்கூடிய ஒரு சிறு அரங்கில் நாடகம் நடைபெற்றது. இடம் போதாமற் போகவே, இடிக்கப்படவிருந்த ஒரு சினிமாக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பிறகு அங்கிருந்து இன்னொன்றுக்கு. லண்டனில் 1980 வரையில் 2,960 தடவை நடந்தது என்றால் அதன் மவுசை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்கரான லூ ஆட்லர் அந்த நாட்டில் நடத்தும் உரிமையை வாங்கி, 1974-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அரங்கேற்றினார். அதைத் தொடர்ந்து, படமாக எடுக்க முதல் போடுவதற்கு டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் கம்பெனியார் முன்வந்தார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பேரம் நடந்தது. பெயர் பெற்ற பாடகர்களை முக்கிய வேஷங்களில் போட்டால் பெருந்தொகை தரலாம் என்பது கம்பெனியார் வைத்த யோசனை. ஷர்மன் அதை ஏற்கவில்லை. மாடியரங்கில் நடித்தவர்களே படத்திலும் நடிக்க வேண்டும், அதற்காகத் தொகை குறைந்தாலும் சரி, நாள் குறைந்தாலும் சரி என்றார். ஆகவே விஞ்ஞானி வேஷத்துக்கு டிம் கரி, வேலைக்காரன் வேஷத்துக்கு ஓ'பிரையன், பரிவாரத்தினராகப் பாட்ரிஷியா க்வின், நெல் காம்ப்பெல் ஆகியோர் நாடகத்திலிருந்து அப்படியே வந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நாடகத்தில் பாடிய மீட் லோபும் சேர்ந்தார். கம்பெனியாருக்குக் கொடுத்த விட்டு, வழி தவறி வரும் ஜோடிக்கு மட்டும் சூசன் சரண்டன், பாரி போஸ்ட்விக் என்ற இரு அமெரிக்கர்கள். அவர்களும் அந்நாளில் நட்சத்திரங்கள் அல்லர். செலவுக்குக் கிடைத்தது சுமார் 14 லட்சம் டாலர். சங்கீதப் படத்துக்கு ஹாலிவுட்டில் இது சில்லறைக் காசு.

இது சிக்கனம். ஷர்மன் பணத்தை வேண்டாமென்று சொன்னதற்குக் காரணம் ஏழ்மையில் மோகமன்று. பணத்தை விட்டுக் கொடுத்து, யார் நடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை அவர் விலைக்கு வாங்கினார். நாடகத்தில் எத்தனையோ இரவுகள் ஜனங்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஒரு வேஷத்தை, ஒத்திகை பாராத ஒரு சங்கீத வித்துவான் வந்து இரண்டு மாதத்தில் நடித்துக் கொடுத்திருக்க முடியாது. டிம் கரியின் நடை, குரல், புருவத்தின் அசைவு எல்லாவற்றையும் இன்று பல தேசங்களில் வாலிபர்கள் பார்த்துப் பழகி நடித்துக் காட்டுகிறார்கள். அந்தப் பேரத்தில் ஷர்மன் இளகியிருந்தால் இவர்கள் பழகுவதற்கு ஒன்றுமே இருந்திராது.

சாமான்கள் விஷயத்திலும் நல்ல சிக்கனத்துக்கு உதாரணங்கள் உண்டு. படம் பிடித்த பிரே ஸ்டூடியோ, பேய்ப் படங்களுக்குப் பேர்போன ஹாமர் கம்பெனியார் நெடுங்காலம் குடியிருந்த இடம். அவர்களுடைய பழைய சாமான்கள் எடுத்தாளப்பட்டன. விஞ்ஞானி மனிதனைப் பிறப்பிக்கும் தொட்டி, 1958-ல் வெளிவந்த ஹாமர் படமாகிய 'ரிவெஞ்ச் ஆப் பிராங்கன்ஸ்டைன்' படத்தில் உபயோகமான அதே தொட்டிதான். பேய்ப் படத்தைக் கேலி செய்ய வந்தவர்கள் பேய்ப் படக்காரர்களுடைய தொட்டியையே எடுத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம்! புதிதாகச் செய்திருந்தால் செலவும் அதிகம், ருசியும் குறைந்திருக்கும். ஆடைகள் அமைத்த சூ பிளேன் அம்மையாருக்கு ஒதுக்கப்பட்ட தொகை 1,600 டாலர். கிழிந்த வலைக் காலுறைகளையும் பழைய கோட்டுக்களையும் கொண்டு அவர் செய்து காட்டிய வித்தை, பிற்காலத்து 'பங்க்' நாகரிகக்காரர்களின் உடைக்கு வழிகாட்டியது என்று கூறுவோர் உண்டு. நம்மைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் துணிகளைக் கொண்டே எவரும் அந்த வேஷத்தைக் கட்டிக்கொள்ள முடிந்தது என்பதே.

காசு போதாமையால் நஷ்டமும் ஏற்படாமலில்லை. படத்தின் தொடக்கப் பகுதியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, கோட்டைக்குள் புகுந்த பின் வர்ணத்தில் காட்டுவது என்ற அழகான யோசனை கைவிடப்பட்டது. ஏழ்மையைப் புகழ்கிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இனி, எல்லோரும் ரஸித்துச் சொல்லும் குளிர்க் கதைக்கு வருவோம். கோட்டையாகக் காட்டப்படுவது ஓக்லி கோர்ட் என்ற மாளிகை. தேம்ஸ் நதிக்கரையில், பிரே கிராமத்துக்கும் விண்ட்ஸருக்கும் சமீபத்தில், 1859-ல் கட்டப்பட்டது. ஹாமர் படங்களில் பலமுறை தோன்றியது. 1974-ம் வருஷம் அக்டோபரில் படப்பிடிப்புக் கோஷ்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது, அம்மாளிகை கவனிப்பாரற்றுப் பாழடைந்து கிடந்தது. கூரை ஒழுகிற்று. கணப்பு கிடையாது. ஸ்நான அறை, கழிப்பறை வசதி கிடையாது. இங்கிலாந்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் எப்படியிருக்கும் என்பதை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. கதைப்படி சரண்டன் அம்மையார் மழையில் நனைந்து வருகிறார். பிறகு படத்தின் பெரும் பகுதியில் உள்ளுடையோடு மட்டும் நடமாடுகிறார். கடைசியில் நீச்சல் குளத்தில் இறங்குகிறார். அவருக்குக் கபவாத ஜுரம் கண்டது. ஜுரத்தோடு நடித்து முடித்தார். இன்றைக்கும் அவரைப் பேட்டி காணுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கைச் சம்பவமாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்ன இருக்கிறது? ஒரு கணப்பு வாங்கிப் போட எவ்வளவு பிடித்திருக்கும்? நனைந்தவர்கள் மாற்று உடை உடுத்திக்கொள்ள ஒரு சூடான அறை அமைக்க எத்தனை டாலர் செலவாகியிருக்கும்? பாடகர்களுக்காகப் பெருந்தொகையை எடுத்து நீட்டிய பணப்பெட்டியின் வாய், ஒரு நடிகையின் தேக ஆரோக்கியத்துக்கு என்றபோது மூடிக்கொண்டது என்பதே இதன் பொருள். ஷர்மன் கோஷ்டியாரிடம் நமக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் குறைந்த பணத்துக்குச் சம்மதித்தபோது, அந்தக் குறைவு யார் உடம்பின்மேல் இறங்கும் என்பதையும் பேசி முடித்திருக்க வேண்டியது அவர்கள் கடமையே. பெரிய நடிகரை வேண்டாமென்பது சிக்கனம். கணப்பை வேண்டாமென்பது கஞ்சத்தனம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி, மொத்தமாகக் கலைக்கு வரவு வைப்பது நியாயமன்று.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படலாம். நடுக்கம் நிஜமாக இருந்ததால் நடிப்பும் நிஜமாக இருந்தது என்பார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அரை நூற்றாண்டாக ஜனங்கள் இப்படத்தில் எதை விரும்பி வந்திருக்கிறார்கள்? பாட்டுக்களை, ஆட்டத்தை, விஞ்ஞானியின் வேஷத்தை, படத் தொடக்கத்தில் இருளிலே தனித்துத் தோன்றிப் பாடும் சிவந்த உதடுகளை. அந்த உதடுகள் க்வின் அம்மையாருடையவை, குரல் ஓ'பிரையனுடையது. மாடியரங்கில் தோன்றிய பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வேஷத்துக்கும் தேம்ஸ் நதிக்கரைக் குளிருக்கும் என்ன சம்பந்தம்? நடுங்குவதுபோல் காட்டத் தெரியாதவர்கள் நடிகர்களா? கொலையுண்டவனாக நடிப்பதற்குக் கொலையுண்டாக வேண்டும் என்று யாரும் சொல்லக் காணோம்.

கஷ்டம் வெற்றியைத் தரும் என்பதற்கு இப்படத்தின் பிற்கால வரலாறும் சாட்சி சொல்லாது. படம் வெளிவருமுன்பே, 1975 மார்ச்சில், நாடகத்தை நியூயார்க் பிராட்வேயில் நடத்திப் பார்த்தார்கள். 45 ஆட்டங்களோடு திரை விழுந்தது. படம் செப்டம்பர் 26-ந் தேதி அமெரிக்காவில் வெளியாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் ஒன்றில் நல்ல கூட்டம். மற்ற ஊர்களில் நாற்காலிகளே படம் பார்த்தன. முதலில் திரையிட்ட எட்டு நகரங்களிலிருந்தும் கம்பெனியார் படத்தை எடுத்துவிட்டார்கள். பேய்த் திருநாளான ஹாலோவீன் இரவில் நியூயார்க்கில் வெளியிடுவதாக இருந்த ஏற்பாடும் ரத்தாயிற்று. கல்லூரிகளைச் சுற்றி, 'பாண்டம் ஆப் தி பாரடைஸ்' என்ற மற்றொரு சங்கீதப் பேய்ப் படத்தோடு ஜோடி சேர்த்துக் காட்டிப் பார்த்தார்கள். அதுவும் எடுபடவில்லை. ஆக, குளிரிலே எடுத்த படம் குளிர்ந்தே போயிற்று.

அதைத் தட்டி எழுப்பியவர் யார்? பாக்ஸ் கம்பெனியிலிருந்த டிம் டீகன் என்ற ஓர் அதிகாரி. பகலில் ஓடாத படத்தை நள்ளிரவில் ஓட்டிப் பார்க்கலாமே என்று அவர் வாதாடினார். நியூயார்க் கிரீனிச் வில்லேஜிலிருந்த வேவர்லி கொட்டகையில் 1976-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நள்ளிரவுக் காட்சி தொடங்கியது. முட்டாள்கள் தினத்தில்தான் தொடங்கினார்கள். யார் முட்டாள் என்பது பிறகு தெரிந்தது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். வசனத்துக்கு வசனம் எதிர்ச்சொல் சொன்னார்கள். கல்யாணக் காட்சியில் அரிசி இறைத்தார்கள். திரையில் மழை பெய்தால் பத்திரிகையைத் தலைமேல் பிடித்துக்கொண்டார்கள். சிலர் வேஷம் தரித்துத் திரைக்கு முன்னால் நின்று படத்தோடு படமாக நடிக்கவும் தொடங்கினார்கள். ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்து மியூசியம் லிஷ்ட்ஷ்பீலே கொட்டகையில் 1977 முதல் விடாமல் நடக்கிறது. 2005-ல் அமெரிக்க அரசாங்கத்தின் காங்கிரஸ் நூலகத்தார், பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டார்கள். பல லட்சம் மக்கள் டிக்கட் வாங்கிப் பார்த்த பின் அறிஞர்களும் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், விளம்பரத்துக்கென்று பெருந்தொகை கொட்டப்படவில்லை. செத்ததென்று எண்ணிய படப்பிரதியைப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல், ஒரு சிறு கொட்டகைக்கு நள்ளிரவில் கொடுத்தார்கள், அவ்வளவே. மற்றதையெல்லாம் ஜனங்கள் செய்துகொண்டார்கள். டைரக்டருக்கு நடிகர்களைத் தீர்மானிக்கும் உரிமை இருந்தது. ஜனங்களுக்குப் படத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாய்ப்பு இருந்தது. படத்தை நிலைக்கவைத்தவை இவ்விரண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இந்த வாய்ப்பு எல்லாப் படங்களுக்கும் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லவேண்டும். 2019-ல் பாக்ஸ் கம்பெனியை டிஸ்னி கம்பெனியார் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு, பழைய பாக்ஸ் படங்கள் பலவற்றைக் கொட்டகைகளுக்கு வாடகைக்குக் கொடுக்க மறுத்து வருவதாகச் சிறு கொட்டகைக்காரர்கள் முறையிட்டார்கள். 'ராக்கி ஹாரர்' மட்டும் விலக்குப் பெற்றது. ஏன்? அது ஏற்கனவே பெயர் பெற்றுவிட்டது. பூட்டினால் கூச்சல் கிளம்பும். 1976-ல் டிஸ்னியாரின் இன்றைய வழக்கம் பாக்ஸ் கம்பெனியில் இருந்திருந்தால், டீகன் கேட்ட பிரதி அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தப் பெட்டகத்தில் இன்னும் எத்தனை படங்கள் ஒரு நள்ளிரவுக் காட்சிக்காகக் காத்துக் கிடக்கின்றனவோ!

ஓக்லி கோர்ட் மாளிகை 1981 முதல் ஹோட்டலாக நடைபெற்று வருகிறது. இப்படத்தின் அன்பர்கள் அங்கே வாடகை கொடுத்துத் தங்கிச் செல்கிறார்கள். அவர்களை யாரும் ஒழுகும் கூரையின் கீழ்ப் படுக்கச் சொல்வதில்லை. சிறு முதலில் படம் எடுக்கத் துணியும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: பெயர் பெற்ற நடிகரை விடுங்கள்; பெரிய ஸெட்டிங்கை விடுங்கள்; பழைய சாமான்களைத் தேடி வாங்குங்கள். ஆனால் செலவுத் திட்டத்தின் முதல் வரியில் சோறு, உலர்ந்த துணி, கழிப்பறை, வைத்தியர் ஆகிய நான்கையும் எழுதிவிட்டு, மிஞ்சியதில் படம் பிடியுங்கள். டிஸ்னி கம்பெனியாருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. 'ராக்கி ஹாரர்' படத்துக்குக் காட்டிய சலுகையை, வாடகை கொடுக்கத் தயாராயிருக்கும் சிறு கொட்டகைகள் கேட்கும் மற்றப் பழைய படங்களுக்கும் தாமதமின்றிக் காட்டவேண்டும்.